மாராயியின் சர்க்கரை

பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருந்தது. சொட்டுகளை எண்ண ஆரம்பித்த சாந்தாமணிக்கு முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள், மறுபடி தப்பியது. எண்ணி ஆகப்போவது ஒன்றுமில்லை. எண்ணாவிட்டால் கண் கட்டிலுக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கட்டிலில் மாராயி கிடந்தாள். விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றுகிற மாராயி; தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூல் சுற்றியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டவள். காலை ஒன்பது மணிக்குத் தார் மெஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்தாளாம். வேர்த்துக் கொட்டி, பல் கிட்டிப்போய், யார் கூப்பிட்டும் கண் திறக்காமல் ஆட்டோவில் கொண்டுவந்து போட்டபோது ஆஸ்பத்திரி மெஷின் இருபத்தெட்டு காட்டியது. சாந்தாமணி மூன்று வருஷமாக வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, மாதா மாதம் மாத்திரையும் கொடுக்கிற வேலையில் இருக்கிறவள். இருநூறு பார்த்திருக்கிறாள், நானூறு பார்த்திருக்கிறாள், இருபத்தெட்டை இன்றைக்குத்தான் பார்த்தாள். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஏறியது. ஏறினது ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கியது. "அந்தச் சின்ன மாத்திரை லேசுல உடம்பை விட்டுப் போகாதும்மா. இன்னைக்குப் பூரா இழுத்துக்கிட்டே இருக்கும். முழிச்சாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. இது இரண்டாவது பாட்டில். பெண்கள் வார்டுக்குள் ஆம்பளைகளை விட மாட்டார்கள் என்பதால் மாராயியின் புருஷன் செங்கோடன் வெளியே வராந்தாவில் குந்தியிருக்கிறார். "நீ இருக்கற கண்ணு, எனக்கு அது போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு வந்து விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது.

விரதம்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பங்குனி பிறந்து மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டாயிற்று, பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள், வருஷா வருஷம் இருக்கிற விரதத்தை மாராயி இந்த வருஷமும் இருந்தாள். நேற்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை விடவில்லை. மாத்திரை சாப்பாடில்லையே, அதனால் விரதம் கெடாது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டு நேற்றுக் காலை, நேற்று ராத்திரி, இன்று காலை என்று மூன்று வேளையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. யார் சொன்னது அது? சாந்தாமணிதான். எல்லா வாசலிலும் கிளிப்பிள்ளையாகச் சொல்கிற வாக்கியம். சாப்பிடாத நாளில் போடாதீங்க என்று சொல்லவில்லையா? சொன்னேனே. சொன்னேனா? பயிற்சியில் கொடுத்த மஞ்சள் அட்டையில் அது நாலாவது வரி, ஐந்தாவதோ, எல்லோருக்கும் சொல்கிறவள் இவளுக்கும் சொல்லியிருப்பாள். ஆனால் மாராயியின் வாசலில் அவள் ஒரு நாளும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. நிற்கக் கால் வந்ததில்லை. காலையில் டாக்டரம்மா "ஃபீல்டுல நீங்கதானே பாக்கறீங்க, ரெக்கார்டு காட்டுங்க" என்றதும் போனை நீட்டினாள். ஐப்பசியில் முன்னூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் மாதா மாதம் தொண்ணூற்று நாலு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. "நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்களே! இந்தம்மா பட்டினி கிடந்ததுதான் தப்பு" என்றார் டாக்டரம்மா. சாந்தாமணி தலையை ஆட்டினாள். வாய் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள் என்று மூன்று மணி நேரமாகத் தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய்யில்லையாம்.

தாகம் தொண்டையை அறுத்தது. கொண்டுவந்த தண்ணீர் பதினொரு மணிக்கே காலி. வார்டு மூலைக் குழாயில் இரண்டு தடவை பிடித்துக் குடித்தாயிற்று, நாலு தடவை கக்கூசுக்கும் போய் வந்தாயிற்று. அடுத்த கட்டிலில் இருக்கிற அம்மாள் "ஏனுங்க, வயித்துக்கு ஆகலீங்களா?" என்று கேட்டாள். ஆமாங்க என்று சொல்லிவைத்தாள். இப்போதெல்லாம் பொய்க்கு யோசிக்க வேண்டியிருப்பதே இல்லை, வாயில் தயாராக நிற்கிறது. தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போவது, பாத எரிச்சல், காரணமில்லாத அசதி, ஆறாத புண். இந்த ஐந்தையும் வாசல் வாசலாக விரல் மடக்கிச் சொல்கிறவள் அவள். ஐந்தில் நாலு அவள் உடம்பிலேயே குடியிருக்கிறது. புண் ஒன்றுதான் பாக்கி, அதற்காகத்தான் தினமும் காலை இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிறாள். அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு மாராயியின் ரத்தமே இல்லை. சாந்தாமணியின் ரத்தம். மாராயிக்குச் சர்க்கரை என்றைக்குமே இருந்ததில்லை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம் போல. ஐந்து மாதமாக அந்த ஒரு மூச்சுதான் வரவில்லை.

ஐப்பசி மழை அன்று. லைன் வீட்டு வரிசையில் யாருமில்லை, எல்லோரும் பட்டறையில், ஏழாம் நம்பர் வீட்டுத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றவளுக்குப் பாதம் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. பையில் மெஷின் இருந்தது. ரத்தச் சொட்டை வைக்கிற ஸ்டிரிப் இருந்தது. ஊருக்கெல்லாம் குத்துகிறோம், ஒரு தடவை நமக்கும் குத்திப் பார்த்தால் என்ன. விளையாட்டாகத்தான் குத்தினாள். மெஷின் ஐந்து எண்ணி முன்னூற்றுப் பன்னிரண்டு காட்டியபோது முதலில் சிரிப்பு வந்தது, மெஷின் கெட்டுப்போச்சு என்று நினைத்தாள். அப்புறம் மழைச் சத்தம் காதில் விழவில்லை. ஸ்டிரிப் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் காட்டியாக வேண்டும். போனில் இருக்கிற ஆப் வெறுமனே விடாது, யாருக்குப் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே நிற்கும். அவள் பெயர் அவள் பட்டியலில் இல்லை, அவள் குடியிருக்கிற தெரு வேறொருத்தியின் பொறுப்பு. சொந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் இதே வேலை பார்க்கிற பதினொரு பெண்களுக்கும் தெரியும். ஊருக்கு உபதேசம் பண்ணுகிற சாந்தாமணிக்கே முன்னூறாம். தையில் வேலையைப் புதுப்பிக்கும்போது உடம்பு சரியில்லாதவர்களைக் கழித்துவிடுவார்கள் என்று வேறு ஒரு பேச்சு அடிபட்டது, உண்மையோ பொய்யோ. பட்டியலில் அடுத்த பெயர் மாராயி. வயது ஐம்பத்து நாலு. படிப்பு இல்லை. குடும்ப வருமானம், கீழிருந்து இரண்டாவது கட்டம். விரல் அந்தப் பெயரைத் தொட்டது. ஏன் மாராயி? அடுத்த பெயர், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அடுத்த பெயர் ஓனர் வீட்டு அம்மாவாகவோ வாத்தியாரம்மாவாகவோ இருந்திருந்தால் விரல் போயிருக்குமா? போயிருக்காது. அந்த வீடுகளில் போனை வாங்கிப் பார்ப்பார்கள், இதென்ன நம்பர் என்று கேட்பார்கள், சண்டைக்கு வருவார்கள். மாராயி கேட்க மாட்டாள். அது விரலுக்குத் தெரிந்திருந்தது. அந்த விரலை இப்போது பார்த்தாள்; நுனியில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது.

போன வருஷம் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹால், மின்விசிறி, திரையில் கோடு கோடாகப் படங்கள். ஒரு அதிகாரி சொன்னார், முன்னெல்லாம் இதைப் பணக்கார வியாதி என்பார்கள், இப்போது கதை திரும்பிக்கொண்டிருக்கிறது, படிப்பும் வருமானமும் குறைவாக இருக்கிற இடத்தில்தான் வேகமாகப் பரவுகிறது, ஏன் என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம் என்று. சாந்தாமணிக்குப் பதில் தெரியும். ரேஷன் அரிசியை மூன்று வேளையும் மலையாகக் கொட்டிக்கொண்டு ஒரு கரண்டி புளித்தண்ணி. நடுவில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை, ஏனென்றால் பசியை அடிக்க அதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. பகல் ஷிப்டு ஒரு வாரம், ராத்திரி ஷிப்டு ஒரு வாரம், தூக்கம் என்பது தறி நிற்கிற நேரம். காய்கறி ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனைக்குப் போனால் அரை நாள் கூலி போச்சு, அதனால் கால் கறுத்த பிறகுதான் போவார்கள். ஓனர் வீடுகளிலும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் அங்கே அது வளர்ப்பு நாய். பேர் தெரியும், வேளைக்குச் சோறு, காலையில் ஷூ போட்டுக் கூடவே வாக்கிங். லைன் வீட்டில் அதே நாய் வெறி பிடித்துக் கிடக்கிறது, கடித்த பிறகுதான் வந்ததே தெரிகிறது. இதையெல்லாம் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளுக்குள் ஒரு கர்வத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான் என்று. பன்னிரண்டாவது பாஸ். தெருவில் பேனா பிடித்து மனு எழுதுகிறவள். அவள் வீட்டிலும் அதே ரேஷன் அரிசி. அவள் புருஷனும் தறிதான் ஓட்டுகிறான். வெயிலில் நாலு தெரு அலைந்து அவள் குடிப்பதும் அதே மூன்று கரண்டி டீதான். பன்னிரண்டாவது பாஸ் என்கிற காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ரத்தத்துக்கு அதைப் படிக்கத் தெரியுமா என்ன.

பாட்டில் பாதிக்கு வந்திருந்தது. மாராயியின் விரல் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. எழுந்து குனிந்து பார்த்தாள். இல்லை, மின்விசிறிக் காற்றில் பிளாஸ்டர் நுனி ஆடுகிறது. உட்கார்ந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி குத்திப் பார்ப்பார்கள், நார்மல் என்று வந்துவிடும், மெஷின் தப்பு என்று விட்டுவிடுவார்கள், இப்படித்தான் அன்றைக்கு நினைத்தாள், சத்தியமாக இப்படித்தான். போகச் சொன்னதும் ஏன் என்று கேட்காமல் மாராயி அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பார்த்து அங்கே ஸ்டிரிப் தீர்ந்துபோயிருந்தது, வெளியே இருநூறு பேர், டாக்டர் ஆப்பில் பதிவாகியிருந்த முன்னூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தார், எழுதிவிட்டார். பெரிய மாத்திரை ஒன்று, சின்ன மாத்திரை ஒன்று, காலையும் ராத்திரியும். மாராயி திரும்பி வந்த நடையே வேறாக இருந்தது. "எனக்குச் சக்கரையாம் கண்ணு!" என்று தெருமுனையிலிருந்தே சொன்னாள். அழுவாள் என்று சாந்தாமணி பயந்துகொண்டு நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. பட்டறையில் ஓனர் வீட்டு அம்மா வந்து நின்று விசாரித்தாளாம், உனக்குமா மாராயி, எனக்கும் பத்து வருஷமா இருக்குது, பாத்து இருந்துக்கோ என்று. உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைக்கூடப் போடச் சொன்னாளாம். முப்பது வருஷம் நின்றே தார் சுற்றியவளுக்கு ஒரு ஸ்டூல். செங்கோடன் அதட்டுவதை நிறுத்திவிட்டார். டீக்கடைக்காரன் "அக்காவுக்குச் சக்கரை இல்லாம" என்று தனியாக ஆற்றிக் கொடுத்தான். இதையெல்லாம் சாந்தாமணி கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, பாவம், சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள். நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் மாதம் ஒன்று செய்து பார்த்தாள். மாராயிக்கு வந்த மாத்திரையில் சின்னதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு பெரியதை மட்டும் கொடுத்தாள். பெரியது அவ்வளவாகக் கெடுதல் பண்ணாது. சின்னதுதான் சர்க்கரையைப் பிடித்துக் கீழே இழுப்பது, அது யாருக்கு வேண்டுமோ அவளே தின்றுகொள்ளட்டும். நியாயம்தானே? மறுநாள் காலையில் மாராயி சாந்தாமணியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். எழுத்துத் தெரியாதவள், ஆனால் கண் தெரியும். "அஞ்சாம் நம்பர் வூட்டுக்காரிக்கு ரெண்டு தினுசு குடுத்திருக்கற. எனக்கு ஒண்ணுதான் இருக்குது. டாக்டரு ரெண்டுதான சொன்னாரு? எதுக்குக் கண்ணு எனக்கு மட்டும் கொறைக்கற?" கோபமில்லை, ஏமாந்துவிடுவோமோ என்கிற பயம். ஆயுசு பூராவும் எடை குறைத்தும் கூலி குறைத்தும் கொடுக்கப்பட்டவளுடைய பயம் அது. மறந்துட்டனுங்கக்கா என்று சாந்தாமணி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். தன் கையால் கொடுத்தாள். அன்றைக்கு அந்த வாசலில் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க்கா, அது என் ரத்தம் என்று. பக்கத்து வீட்டுக்காரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அதனால் சொல்லவில்லை. அடுத்த மாதம் தொண்ணூற்று நாலு வந்தது. இயற்கையிலேயே நல்லாயிருக்கிற உடம்பு, மாத்திரையும் போட்டு, சோற்றையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, வேறெப்படி வரும்? ஆனால் மேலே இருப்பவர்களுக்கு அது அதிசயமாகத் தெரிந்தது. முன்னூறிலிருந்து தொண்ணூறுக்கு! மாசியில் நடந்த கூட்டத்தில் சாந்தாமணியை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பக்கத்தில் மாராயியையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மாராயி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே எலும்பு தெரிய மெலிந்து போயிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த அம்மாளுக்குள் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். எனக்குள் தேவைக்கு மேல் கிடக்கிறது. ஒரு குழாயைப் போட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு விட்டால் என்ன? பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு. மாரியாத்தா, இவளை முழிக்கவை, முழித்ததும் சொல்லிவிடுகிறேன், டாக்டரம்மாவிடம் சொல்கிறேன், வேலை போனால் போகட்டும். கை கூப்பிக்கூட வேண்டிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் போகவில்லை, மனசு பேரம் பேச ஆரம்பித்தது. சொல்லித்தான் ஆக வேண்டுமா? நாளையிலிருந்து சின்ன மாத்திரைக்குப் பதில் அதே அளவில் சத்து மாத்திரை ஏதாவது கொடுத்தால் போதாதா? அவளுக்குத் தினுசு இரண்டு இருந்தால் சரி. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்டூலும் போகாது. எவ்வளவு நல்ல யோசனை, இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று நெஞ்சு லேசாகிப்போனது. அந்த லேசான நெஞ்சுக்குள் அடுத்த யோசனை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது: முழிக்காமலே போய்விட்டால் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை. விரதம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்லியாயிற்று. முன்னூற்றுப் பன்னிரண்டும் அவளோடு போய்விடும். ஒரு கணம்தான். ஒரு கணம் அது ஆறுதலாக இருந்தது. சாந்தாமணி வெடுக்கென்று எழுந்து நின்றாள். யார் நினைத்தது அதை? நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் இங்கே. அவளுக்கு அவளையே பார்த்துப் பயமாக இருந்தது. மெஷினில் வந்த நம்பருக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

"தண்ணி."

சாந்தாமணி திரும்பினாள். மாராயியின் கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்தது, பாட்டிலைப் பார்த்தது, மெதுவாக வந்து சாந்தாமணி மேல் நின்றது. "யாரு... சாந்தாவா?" நாக்கு தடித்துப் போயிருந்தது. நர்ஸ் ஓடிவந்து விரலில் குத்தினாள், நூற்றுப் பத்து என்றாள், டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள். வாசலில் செங்கோடனின் குரல் உடைந்து கேட்டது, யாரோ அவரை உள்ளே விட்டுவிட்டார்கள். மாராயி இடது கையை நகர்த்திச் சாந்தாமணியின் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ அவசரமாகச் சொல்ல வேண்டும் போல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். சாந்தாமணி காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"மாத்தரய நான் வுடவே இல்ல கண்ணு. நீ சொன்னாப்பல ஒரு வேளகூட வுடல. எம்மேல தப்பில்ல."

டாக்டரம்மா வந்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், பெயர் கேட்டார். முகம் தெளிந்தது. "தப்பிச்சீங்கம்மா. இனிமேல் மாத்திரை போட்டா சாப்பிடணும், சாப்பிடலைன்னா மாத்திரை இல்லை, புரியுதா? சின்ன மாத்திரையை அரையாக் குறைச்சு எழுதறேன். ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிங்க. நிறுத்திடாதீங்க." மாராயி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். டாக்டரம்மா சாந்தாமணியைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றார். இப்போது தலையை ஆட்ட வேண்டியது அவள் முறை. அரை மாத்திரை. காலையில் அரை, ராத்திரி அரை. ஆடிக்கு ஒரு விரதம் வரும், புரட்டாசிக்கு ஒன்று வரும்.

"அந்த மாத்திர அவங்களுது இல்லீங்க டாக்டர்" என்றாள் சாந்தாமணி. குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "என்னுது."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நர்ஸின் பேனா நின்றது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மழை நாளைச் சொன்னாள், ஸ்டிரிப்பைச் சொன்னாள், பட்டியலில் அடுத்த பெயர் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அது சின்னதாக இல்லை, வார்டு முழுக்க நிறைந்துகொண்டு வந்தது. அடுத்த கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சே அஞ்சு மாசமா குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா, ஒவ்வொரு வார்த்தையாக. "ஆமாங்க." "இவங்க செத்திருப்பாங்க, தெரியுமா?" "தெரியுமுங்க." டாக்டரம்மா நர்ஸிடமிருந்து சீட்டை வாங்கிக் குறுக்கே அடித்தார். மேலே தெரியப்படுத்தியாக வேண்டும் என்றார். பிறகு, கோபம் அடங்காமலே, "முதல்ல இவங்களுக்குப் பாரும்மா" என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் சாந்தாமணியின் விரலைப் பிடித்துக் குத்தினாள். "பேரு?" சாந்தாமணி தன் பெயரைச் சொன்னாள். மெஷின் நானூற்று அறுபத்தேழு காட்டியது. செங்கோடன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது தனக்கு விளங்குகிற மாதிரி ஒரு தடவை சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

மாராயி திட்டுவாள், காறித் துப்புவாள் என்று சாந்தாமணி நின்றாள். துப்பினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. மாராயி கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க்கா. உங்களுக்கு எதுவுமே இல்லீங்க்கா. எப்பவும் இருந்ததில்ல."

"மவ வூட்டுச் சீருக்குப் போயிருந்தேன்" என்றாள் மாராயி. கூரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "பந்தியில எல்லாத்துக்கும் பாயசம் ஊத்திக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஊத்த வரப்ப இலைய மறைச்சேன். எனக்குச் சக்கரைங்கன்னு சொன்னேன். சம்பந்தியம்மா ஓடியாந்து, அடடா, அம்மாவுக்குத் தனியா எதாச்சும் எடுத்தாங்கன்னு சத்தம் போட்டா. பந்தியே திரும்பி என்னப் பாத்துச்சு. பொறந்ததுல இருந்து யாரும் என்ன அப்படிப் பாத்ததில்ல." பிடித்திருந்த புடவை ஓரத்தை விட்டுவிட்டாள்.

"அதுவும் உன்னுதுதானா கண்ணு?"